பம்மல் சம்பந்த முதலியாரே மாற்றியவர்தானே!

பழைய நகைச்சுவை நாடகங்களை அப்படியே போட வேண்டும், புதுமை என்று கை வைத்தால் கெட்டுவிடும் என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை.

சேலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் போட்ட 'சபாபதி'யை அண்மையில் பார்த்தேன். அது நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய பழைய நகைச்சுவை நாடகம். எஜமான், வேலைக்காரன் இருவருக்கும் ஒரே பெயர் என்பதுதான் அவர் வைத்த முடிச்சு. எஜமானாகவும் வேலைக்காரனாகவும் நடித்த இருவரும் பாதி நாடகத்தில் நம் கண் முன்னாலேயே கோட்டு, தலைப்பாகையை மாற்றிக்கொண்டார்கள். சற்று முன்வரை அடி வாங்கியவன் அதட்ட ஆரம்பித்ததும் அரங்கமே அதிர்ந்தது. வசனம் பெரும்பாலும் பழையதுதான், ஆனால் இப்படி ஒரு கூர்மை அதில் இருந்ததை நான் அன்றுதான் உணர்ந்தேன். நம் வட்டாரத் தெருக்கூத்தில் கதையை அறிமுகப்படுத்திக் கேலி பேசிச் சிரிக்கவைக்கிற கட்டியங்காரனையும் உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். சேலத்துப் பேச்சில் அந்தப் பையன் பேசியது அவ்வளவு அழகு!

ஒரே குறை, ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் போட்ட கீபோர்டு சத்தம். நடிப்பே போதும், அதை எடுத்துவிடுங்கள் தம்பிகளா.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழ் மேடைக்குத் தந்தவர் பம்மல். 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, நாடகக்காரர்களை இழிவாகப் பார்த்த காலத்தில் படித்தவர்களை மேடையேற்றியவர். அவர் நாடகத்தை இந்தப் பிள்ளைகள் தொடக்கூடாதா?

ஓமலூர், தாரமங்கலம் பக்கம் கூத்து நடக்கிற திடல்களிலும் இதைப் போட வேண்டும். ஊர்க்காரர்கள் யாராவது ஏற்பாடு செய்தால் என்னால் முடிந்த பணம் தருகிறேன்.