மகுடம் போனவர்கிட்ட டேபிளைத் தட்டச் சொன்னீங்களே

வெள்ள நிவாரணம் குடுத்த விழா வீடியோ ஒண்ணு சுத்துதே, அதை நான் இங்க ஷேர் பண்ணப் போறதில்ல. எப்படியும் எல்லார் டைம்லைன்லயும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, கீழ ஹார்ட்டும் கும்பிடும் குமிஞ்சு கிடக்கு. கல்யாண மண்டபம், பின்னாடி பெரிய ஃப்ளெக்ஸ், நம்ம தென்மாவட்டக் கோயில் திருவிழாவான கொடையில நடக்குற கணியான் கூத்துல மகுடம்ங்கிற தோல் கருவி அடிக்கிற ஒரு பெரியவர் நிவாரணப் பை வாங்க மேடைக்கு வர்றார். மைக் பிடிச்ச தங்கச்சி "ஐயா எங்களுக்காக ஒரு அடி அடிச்சுக் காட்டுங்க"ங்குது. அவர் "மகுடம் வெள்ளத்துல போயிட்டும்மா"ங்கிறார். அதுக்கு அந்தப் புள்ள சிரிச்சுக்கிட்டே "பரவால்லய்யா, இந்த டேபிள்ல தட்டுங்க". அவரும் தட்டினார். மண்டபமே கைதட்டிச்சு. அப்புறம்தான் பை கைக்கு வந்துச்சு.

பிழைப்புக்கு இருந்த கருவியே போச்சுன்னு வாயால சொல்றார் மனுஷன். அதைக் காதுல வாங்கின ஒருத்தர்கூட அந்த மேடையில இல்ல. நான் இதை கமெண்ட்ல சொன்னேன், அவ்வளவுதான். "உதவி செய்றவங்களை நக்கல் பண்றது ஈஸி", "நீ என்ன கிழிச்ச", "நெகட்டிவிட்டி பரப்பாதீங்க ப்ரோ". சரி ப்ரோ. பாசிட்டிவா நீளமாவே எழுதுறேன், பொறுமை இருந்தா படிங்க.

ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வர்றேன். வெள்ளத்துல கலைஞனுக்குப் போனது கருவியும் வேலையும். அதைத் திருப்பிக் குடுங்க. அரிசிப் பையும் பொன்னாடையும் அதுக்கு ஈடாகாது.

2023 டிசம்பர் 17, 18ல என்ன நடந்துச்சுன்னு தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட நூத்துக்கணக்கான ஜனம் மாட்டிக்கிட்டு கிடந்தது மட்டும்தான் டிவியில வந்துச்சு, ஏரல் பக்கமும் ஆத்தூர் பக்கமும் உள்ள தெருக்கள்ல கழுத்தளவுத் தண்ணி நின்னது எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் அன்னிக்கு மார்கழி ஒண்ணு. சென்னையில கச்சேரி சீசன் களைகட்டி நடக்குது, கேன்டீன் போண்டாவுக்கு ரிவ்யூ எழுதுறாங்க, இங்க மேளக்காரன் தவிலைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடுறான். கச்சேரியை நிறுத்தியிருக்கணும்னு நான் சொல்லல. எனக்கு அது ஞாபகம் இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

தோல் கருவியில தண்ணி ஏறினா என்ன ஆகும்னு தெரியுமா? மகுடம்ங்கிறது மரச் சட்டத்துல தோலை இழுத்துக் கட்டினது. உச்ச மகுடம், மந்த மகுடம்னு ரெண்டு, ஒண்ணு இல்லாம இன்னொண்ணை வெச்சு கூத்து கட்ட முடியாது. சாதாரண ஈரக் காத்துக்கே தோல் தொய்ஞ்சிரும், அதனாலதான் அடிக்கிறதுக்கு முன்னாடி தீ மூட்டிக் காய்ச்சுவாங்க. ரெண்டு மூணு நாள் சேத்துத் தண்ணியில கிடந்தா தோல் அழுகி நாறிரும், சட்டம் பிரிஞ்சிரும். தவில் பலாமரத்துல குடைஞ்சது, ஒரு பக்கம் எருமைத் தோல், இன்னொரு பக்கம் ஆட்டுத் தோல், தண்ணியில ஊறினா கட்டையே வெடிச்சுப் போகும். நாதஸ்வரம் ஆச்சா மரம்ங்கிறதால கட்டை தப்பிச்சாலும் தப்பிக்கலாம், வாயில வெச்சு ஊதுற சீவாளிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கரகாட்டக்காரம்மாவுக்குக் கரகம், சலங்கை, ஜிகினா டிரஸ். வில்லுப்பாட்டு செட்டுக்கு உடுக்கு, குடம், ஜால்ரா, எல்லாத்துக்கும் மேல கதை நோட்டு.

அந்தக் கதை நோட்டைப் பத்தி யாருமே பேசல. சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் இப்ப அச்சுல கிடைக்குது, வாங்கிக்கலாம்னு சொல்லுவீங்க. செட்டை நடத்திப் பாடுற ஒரு புலவர் அவர் அப்பாகிட்ட கேட்டு, எந்த ஊர்ல எந்தச் சாமிக்கு எந்த இடத்துல சாமியை அழைக்கிற வரத்தை எப்படிப் பாடணும், எங்க நிறுத்தணும், எந்த ஊர்ல எந்தப் பேரைச் சொல்லவே கூடாதுன்னு பென்சில்ல ஓரத்துல குறிச்சு வெச்சிருப்பார். அது எந்த அச்சுல வந்திருக்கு? அந்த நோட்டை வெயில்ல காயப் போட்டு ஒவ்வொரு பக்கமா பிரிச்சு ஒரு ஸ்கேன் பண்ணிக் குடுக்க காலேஜ் பசங்க நாலு பேர் போயிருந்தா போதும். போனாங்க, ஆனா செல்ஃபி எடுக்கப் போனாங்க.

இதை நான் ஏன் இவ்வளவு கோவமா எழுதுறேன்னு கேட்டா, எங்க சித்தப்பா கதை ஒண்ணு இருக்கு. அவர் வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவர். 1992 நவம்பர்ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சே, அந்த வெள்ளம். பரண்ல கிடந்த வில்லு தப்பிச்சுது, மத்ததெல்லாம் போச்சு. அப்பவும் எங்க தெருவுக்கு சாப்பாட்டுப் பொட்டலம் வந்துச்சு, வேட்டி சேலை வந்துச்சு, நான் இல்லைன்னு சொல்லல, அந்தப் பொட்டலத்தைத் தின்னுதான் நானும் வளர்ந்தேன். ஆனா செட்டுக்குப் புதுசா சாமான் வாங்க யார்கிட்டயும் காசு இல்ல, கந்துவட்டிக்கு வாங்க புலவருக்கு மனசு வரல. அடுத்த பங்குனியில கொடை புக் பண்ண ஊர்க்காரங்க வந்தாங்க, சாமான் இல்லன்னதும் வேற செட்டைத் தேடிப் போயிட்டாங்க. ஒரு ஊர் ஒரு தடவை வேற செட்டை வெச்சிருச்சுன்னா அடுத்த வருஷமும் அவங்களைத்தான் கூப்பிடும். எங்க பக்கத்துல அது எழுதாத சட்டம். ஒவ்வொரு ஊரா கைவிட்டுப் போச்சு. சித்தப்பா பம்பாய் தாராவிக்கு தோல் கம்பெனி வேலைக்குப் போனார், போன கொஞ்ச நாள்லயே ஊருக்குத் திரும்பி வந்தார். அப்புறம் செங்கல் சூளை. கல்யாண வீட்டுல யாராவது "அண்ணாச்சி, ஒரு அடி அடிங்களேன்"னு கேட்டா எழுந்து வெளிய போயிருவார். அந்த மேடையில டேபிளைத் தட்டின பெரியவரைப் பார்த்ததும் எனக்கு யார் மூஞ்சி தெரிஞ்சிருக்கும்னு சொல்லணுமா?

வெள்ளம் அவரை முடிக்கல. வெள்ளத்துக்கு அப்புறம் வந்த ரெண்டு சீசன் முடிச்சுது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன், காதுல ஏற மாட்டேங்குது.

"சோத்துக்கே வழியில்லாதப்ப மேளம் முக்கியமா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அண்ணே, அவருக்குச் சோறே அந்த மேளம்தான். மீனவருக்கு வலை போச்சுன்னா வலை குடுக்கிறீங்க, யாரும் "மொதல்ல மீன் வாங்கித் தின்னு"ன்னு சொல்றதில்ல. 2023 வெள்ளத்தப்ப இருந்த அரசாங்கப் பேரிடர் நிவாரணப் பட்டியலைப் பாருங்க. பசு மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, படகுக்கு, வலைக்கு, நெல்லுக்கு, குடிசைக்குன்னு எல்லாத்துக்கும் ஒரு தொகை இருக்கு, கோழிக்குக்கூட 100 ரூபாய் இருக்கு. கைத்தறி, கைவினைத் தொழிலாளிக்குக் கருவி சேதமானா 5,000ன்னு ஒரு வரி இருக்கு. அதாவது மகுடம் செய்றவரை எப்படியாவது அந்த வரிக்குள்ள நுழைக்கலாம். மகுடம் அடிக்கிறவரை எந்த வரியில போடுவீங்க? வீட்டுக்கு 6,000 குடுத்தாங்க, நன்றி, அதுல பாதி சேறு அள்ளவும் பாய் தலகாணி வாங்கவுமே போயிரும். கலைஞர்களுக்கான அரசு அமைப்பு இயல் இசை நாடக மன்றம் இசைக்கருவி வாங்க 10,000 ரூபாய் குடுக்கிற திட்டம் இருக்குதான், நல்ல திட்டம், ஆனா அது விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, முறை வந்து கிடைக்கிறது. வெள்ளத்துல நலவாரிய அட்டையும் ரேஷன் கார்டுமே போனவர் எதை ஜெராக்ஸ் எடுத்து வைப்பார்? பேரிடர் பட்டியல்லயே ஒரு வரி சேருங்கன்னு கேட்டா அது பேராசையா?

"வாழை விவசாயிக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் இல்லாத சலுகை இவங்களுக்கு எதுக்கு"ன்னு இன்னொருத்தர். இதுல நியாயம் இருக்கு. உப்பளத்துக்காரங்க நிலைமை கொடுமை, ஏத்துக்கிறேன். அவங்களுக்கும் குடுங்க. இதுக்கு மேல இதுல பேச என்ன இருக்கு, எவன் தட்டுல இருந்தும் நான் எடுக்கச் சொல்லலையே.

"காசா குடுத்தா குடிச்சிருவாங்க"ன்னு சொன்ன மகராசனுக்கு மட்டும் தனியா பதில். சார், கார்ப்பரேட் கம்பெனிக்கு வெள்ளச் சேத இன்ஷூரன்ஸ் வந்தப்ப நீங்க போய் முதலாளி வாயை ஊதச் சொன்னீங்களா? பிளாக் பண்ணிட்டேன் உங்களை.

வெளிநாட்டுல எல்லாம் செஞ்சிருக்காங்க. 2005 ஆகஸ்ட்ல கத்ரீனா புயல்ல நியூ ஆர்லியன்ஸ் முங்கிச்சு. ஜாஸ் பிறந்த ஊர். பியானோ கலைஞர் ஃபேட்ஸ் டோமினோ மாதிரி உலகப் புகழ் ஆளையே வீட்டுல இருந்து மீட்டாங்க, அவர் பியானோ எல்லாம் தண்ணியில போச்சு. அங்கேயும் அரசாங்கம் ஏழைக் கறுப்பின மக்களை அம்போன்னு விட்டுச்சு, அதை மறைக்கல. ஆனா பாட்டுக்காரங்களே சேர்ந்து கேட்டது என்னன்னு பாருங்க. அந்த ஊர் இசைக்கலைஞர்கள் ஹேரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபோர்ட் மார்சலிஸும், ஏழைகளுக்கு வீடு கட்டித் தர்ற ஹேபிடாட் அமைப்போட சேர்ந்து மியூசீஷியன்ஸ் வில்லேஜ்னு 72 வீடு கட்டினாங்க, நடுவுல ஒரு இசை மையம். போன கருவிக்குப் பதிலா கருவி வாங்கிக் குடுக்க தனி நிதி சேர்ந்துச்சு. வேலை இல்லாம இருந்த வாத்தியக்காரங்களைச் சம்பளம் போட்டு வாசிக்க வைக்கிற திட்டமும் இருந்துச்சு. சம்பளம். அந்த வார்த்தையை நம்ம மண்டபத்துக்காரங்க கொஞ்சம் கவனிக்கணும்.

அவ்வளவு தூரம் எதுக்கு, 2018 கேரள வெள்ளத்துல சேந்தமங்கலம் நெசவாளர்களோட துணி சேறாகிப் போச்சு. அந்தச் சேத்துத் துணியிலயே சேக்குட்டின்னு பொம்மை செஞ்சு 25 ரூபாய்க்கு வித்து காசை நெசவுக்கே திருப்பினாங்க. அவங்க தறியைத்தான் பார்த்தாங்க. யாரும் நெசவாளியை மேடையேத்தி காத்துல நெசவு பண்ணிக் காட்டுன்னு சொல்லல.

"நல்ல மனசோட செஞ்சாங்க, அதைப் போய்..." தெரியும்யா. அந்தத் தங்கச்சி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அதுக்கு யாரும் சொல்லித் தரல. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இதே மேடைக்கு வீணை போன ஒரு வித்வான் வந்திருந்தா, "பரவால்ல சார், டேபிள்ல மீட்டுங்க"ன்னு வாய் வந்திருக்குமா? வராது. உங்களுக்கும் தெரியும் வராதுன்னு. வீணை போச்சுன்னா ஐயோங்கிற வாய் மகுடம் போச்சுன்னா சிரிக்குது. உடனே "எதுக்கெடுத்தாலும் சாதியா"ன்னு ஆரம்பிக்காதீங்க. நான் ஆரம்பிக்கல, சுடுகாட்டுச் சாமிக்கு முன்னாடி ராத்திரி முழுக்க நின்னு அடிக்கிறவனை நடுவீட்டுல உக்கார வைக்காத ஊரு ஆரம்பிச்சுது. கொடைக்கு அவன் வேணும், அவன் அடிச்சாதான் சாமி வரும், விடிஞ்சதும் அவன் தனி டம்ளர். இதை எழுதினா எங்க ஊர்லயே நாலு பேர் என்னை அன்ஃப்ரெண்ட் பண்ணுவான், பண்ணிக்கோ.

எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டேன். கை நடுங்குது.

சென்னை சங்கமம் கலைவிழாவுக்கு நம்ம பக்கத்து செட்டுகளைக் கூப்பிட்டு ஆட வைக்கிறாங்கன்னா அது நிவாரணம், ஏன்னா அதுல சம்பளம் இருக்கு. அந்த மண்டபத்துல நடந்தது இலவசக் கச்சேரி, டிக்கெட் விலை ஒரு அரிசிப் பை, அதையும் கலைஞனே சுமந்துக்கிட்டு பஸ் ஏறணும்.

பங்குனி உத்திரத்துக்கு மெட்ராஸ், பெங்களூர், துபாய்ல இருந்தெல்லாம் சாஸ்தா கோயிலுக்குக் கார் போட்டு வருவீங்கல்ல. சித்திரை, வைகாசி, ஆடின்னு உங்க ஊர் கொடைக்கு வரி பிரிப்பீங்கல்ல, டிஜேக்கும் சீரியல் செட்டுக்கும் லட்சத்துல பேசுவீங்கல்ல. போன வருஷம் உங்க கோயில்ல கூத்து கட்டின செட்டுக்கு இந்த வாரமே ஃபோன் போடுங்க. சாமான் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா கொடைச் சம்பளத்தை முழுசா இப்பவே அட்வான்ஸா குடுத்திருங்க, தோல் வாங்கி, காய வெச்சு, இழுத்துக் கட்ட அவங்களுக்கு நாள் வேணும். சாமான் வரத் தாமதமானாலும் வேற செட்டுக்கு மாத்தாதீங்க. ஊர்க் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போடுங்க, என் பேர் போட வேண்டாம். மகுடத்துக்குத் தோல் பதப்படுத்திக் குடுக்கிற ஆள் யாரையாவது தெரிஞ்சா மட்டும் கமெண்ட் பண்ணுங்க. ஹார்ட் போட வர்றவங்க அந்த வீடியோவுக்கே போயிருங்க.