'மோமோ' போனுக்குள் இருந்து வந்து குழந்தைகளைக் கொல்வதில்லை

பிதுங்கிய கண், காதுவரை கிழிந்த வாய் கொண்ட படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது: "மோமோ என்ற உருவம் கார்ட்டூன் வீடியோக்களின் நடுவே தோன்றி, குழந்தைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது. உடனே எல்லாக் குரூப்புக்கும் அனுப்புங்கள்." இது உண்மையல்ல.

படத்தில் இருப்பது ஒரு சிற்பம். ஜப்பானியக் கலைஞர் கெய்சுகே ஐசோ செய்தது. 2016இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள வனிலா கேலரியில் காட்சிக்கு இருந்தது. பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவியான 'உபுமே' என்ற நாட்டார் நம்பிக்கையே அதன் மூலம். கீழ்ப்பகுதி பறவைக் கால்கள். பரவும் படத்தில் அதை வெட்டிவிட்டதால்தான் முகம் மட்டும் அவ்வளவு மிரட்டுகிறது. ரப்பரும் இயற்கை எண்ணெயும் கொண்டு செய்த அந்தச் சிற்பம் அழுகிப்போய், 2018இல் தூக்கி எறியப்பட்டது.

2019 பிப்ரவரியில் பிரிட்டனில் இதே பீதி கிளம்பியபோது, அப்படிப்பட்ட வீடியோக்களுக்கு ஆதாரமில்லை என்று யூடியூப் அறிவித்தது. குழந்தைகள் நல அமைப்புகளும் அதையே சொன்னன. எச்சரிக்கைச் செய்தியால்தான் பல குழந்தைகள் அந்த முகத்தையே முதலில் பார்த்தார்கள்.

நீங்களே சரிபார்க்க, படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. தெரியாத எண் மிரட்டினால் பதில் அனுப்பாமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிளாக் செய்து ரிப்போர்ட் செய்யுங்கள். சின்னக் குழந்தை என்றால் யூடியூப் கிட்ஸில் நீங்கள் அனுமதித்த வீடியோ மட்டும் வருமாறு வையுங்கள், தேடலும் நின்றுவிடும்.

"இதைப் பார்த்தாயா?" என்று குழந்தையிடம் படத்தைக் காட்டாதீர்கள். செய்தியை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.