பழைய நோட்டும் புதுக் கையெழுத்தும்

இறந்துபோன கணவர் வாங்கிய பழைய கடனுக்கு, அவர் மனைவியிடம் புதுப் புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திடும் பத்திரம்) எழுதி வாங்கும் போட்டோவை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். "பெரியவங்க உட்கார்ந்து பேசி சுமுகமா முடிச்சு வச்சாங்க" என்று தலைப்பு. கீழே வரிசையாகக் கைகூப்பல்கள், "மனுசத்தனம் இன்னும் சாகல" என்று பாராட்டுகள். படத்தில் அந்த அக்கா குனிந்து கையெழுத்துப் போடுகிறார். சுற்றி ஐந்து ஆண்கள். அதில் ஒருவருக்குக்கூட "ஏம்மா, பழைய நோட்டுல என்ன தேதி இருக்குன்னு ஒருதரம் பாரு" என்று சொல்லத் தோன்றவில்லை.

தேதி அந்தப் பதிவிலேயே இருக்கிறது. 2016 ஆகஸ்ட். இரண்டு லட்சம், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. வாங்கியவர் அந்த அக்காவின் கணவர். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நோட்டின் பின்பக்கம், கட்டிய பணத்துக்கான ஒரு வரவுகூட எழுதப்படவில்லை என்று போட்டோ போட்டவரே சொல்லியிருக்கிறார், ஏதோ கடன் கொடுத்தவரின் பெருந்தன்மைக்குச் சான்று போல.

கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம். 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் சொல்வது அது. பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து இல்லை, கடைசியாகச் சண்டை போட்ட நாளிலிருந்து இல்லை, நோட்டின் தேதியிலிருந்து. அந்த நோட்டை வைத்து வழக்குப் போடும் உரிமை 2019 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. கொரோனா காலத்துக்காக உச்ச நீதிமன்றம் 15.03.2020 முதல் 28.02.2022 வரை கணக்கில் சேர்க்கவேண்டாம் என்றதே, அதுவும் இதற்கு உதவாது. அதற்கு முன்பே இது காலாவதி. கணவர் உயிரோடு இருக்கும்போதே காலாவதி.

அந்த அக்காவின் கையெழுத்து விழும்வரை கடன் கொடுத்தவர் கையில் இருந்தது நீதிமன்றத்தில் செல்லாத ஒரு காகிதம். இப்போது அவர் கையில் இருப்பது புதுத் தேதி போட்ட, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து விழுந்த, இன்னும் மூன்று வருஷம் உயிருள்ள நோட்டு. தொகையைப் பார்த்தீர்களா? இரண்டு லட்சத்துக்கு மாதம் 4,000 வட்டி. ஒன்பது வருஷத்துக்கு 4,32,000. இரண்டையும் கூட்டி 6,32,000 ரூபாய் "அசல்" என்று எழுதியிருக்கிறார்கள். அதே இரண்டு ரூபாய் வட்டி என்றால் இனி மாதம் 12,640. தையல் மெஷினை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் சுமுகமா?

அச்சடித்த நோட்டுப் படிவத்தில் என்ன இருக்கும் என்று தெரியுமா? "நாளது தேதியில் தங்களிடம் நான் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட ரூபாய்" என்று இருக்கும். அவர் ரொக்கமாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அப்படி. வாங்கவில்லை என்று காட்டவேண்டிய பாரம் அந்த அக்கா தலையில். அதற்கு மேல் கையெழுத்துப் போட்ட இரண்டு வெற்றுக் காசோலைகள் வேறு வாங்கியிருக்கிறார்களாம், "ஒரு நம்பிக்கைக்கு". அது வங்கியில் திரும்பினால் பதினைந்து நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு கிரிமினல் வழக்கு.

உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும். "அப்போ வாங்கின கடனை ஏமாத்தச் சொல்றியா?"

இல்லை. நூறு தடவை இல்லை. மூன்று வருஷம் போனால் கடனே இல்லை என்று யூடியூபில் சிலர் சொல்வதும் தவறு. போவது வழக்குப் போடும் உரிமைதான். கடன் அப்படியே இருக்கும். மனசு உறுத்துகிறவர் கொடுக்கலாம், கொடுத்தது சட்டப்படியும் செல்லும், பிறகு "காலாவதியான கடனுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டேன்" என்று திருப்பிக் கேட்க முடியாது. அந்த அக்கா கொடுக்க ஆசைப்பட்டால் கொடுக்கட்டும். ஆனால் பணமாகக் கொடுக்கட்டும், கையெழுத்தாகக் கொடுக்க வேண்டாம். முடிந்த தொகையைப் பேசி, கொடுக்கும்போதே கொடுத்தவர் பெயர், தேதி, தொகை போட்டு ரசீது வாங்கி, கடைசித் தவணையில் "முழுவதும் பைசல்" என்று எழுதிக் கையெழுத்திட்ட அசல் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். மூன்று வருஷம் தாண்டிய பிறகு கொடுக்கும் பகுதித் தொகை பழைய நோட்டுக்கு உயிர் கொடுக்காது. எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதிதான் கொடுக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 25(3): காலங்கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம். பணம் கொடுப்பதும் எழுதிக் கொடுப்பதும் ஒன்றில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யாருக்கும் காதில் விழவில்லை.

அதுவும் இங்கே கடன் வாங்கியவர் அவரே இல்லை. இறந்தவரின் கடனுக்கு வாரிசின் பொறுப்பு, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான். அவர் விட்டுப்போனது வாடகை வீட்டு அட்வான்ஸும் ஒரு பழைய வண்டியும். அதற்கு மேல் அந்த அக்காவின் சம்பாத்தியத்தையோ அவர் தாய்வீட்டு நகையையோ தொட யாருக்கும் உரிமை இருக்கவில்லை, நேற்றுவரை. "அப்பன் கடன் பிள்ளை தலையில்" என்று கமெண்டில் ஒருவர். 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு 'மகன் என்ற கடமை' என்பதை மட்டும் காட்டிப் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள்.

கடன் கொடுத்தவர்களைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். கொடுக்கிற எல்லோரும் கந்துவட்டிக்காரர் இல்லை. ரிட்டயர் ஆன பணத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு, உறவு கெட்டுவிடும் என்று கேட்கக் கூசி உட்கார்ந்திருக்கும் வாத்தியார்கள் எத்தனை பேர். அவர்களில் ஒருவர் மூன்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார், ஒவ்வொன்றுக்கும் அஞ்சல் ரசீது பத்திரமாக இருந்தது. நாலாவது வருஷம் வழக்குப் போடப் போனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நோட்டீஸ் அனுப்பினால் காலம் நீளும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீளாது. போலீசில் மனுக் கொடுத்தாலும் நீளாது. ஊர்ப் பஞ்சாயத்தில் "தர்றேன்" என்று வாயால் சொன்னாலும் நீளாது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும் தாமத மன்னிப்பு மனு மேல்முறையீட்டுக்கும் மற்ற மனுக்களுக்கும்தான், முதன்முதலாகப் போடும் அசல் வழக்குக்குக் கிடையாது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும் காலங்கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்யவேண்டும் என்பது சட்டம்.

காலம் நீள இரண்டே வழி, இரண்டும் மூன்று வருஷம் முடிவதற்குள். ஒன்று, கடன் இருக்கிறது என்று வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போடுவது. இன்னொன்று, அசலிலோ வட்டியிலோ ஏதாவது ஒரு தொகையைக் கட்டி, அதை அவரே தன் கையால் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதுவது, அல்லது வேறொருவர் எழுதியதன் கீழ் அவர் கையெழுத்திடுவது. ஐநூறு ரூபாய் வரவு போதும், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம். கடன் கொடுத்தவர் தன் டைரியில் "வட்டி வரவு" என்று தானே குறித்து வைத்தது இதில் சேராது. இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள், மாதாமாதம் வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் நோட்டை எடுத்துப் பார்ப்பதே இல்லை. காசோலையாக வாங்கினால் அதில் கையெழுத்து இருக்கிறது. ஜிபேயில் வந்த வட்டியை வைத்து வாதாடலாம், ஆனால் அதில் மையில் போட்ட கையெழுத்து இல்லை, அதை நம்பி மூன்று வருஷத்தைத் தாண்டவிடாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து வாங்கியிருந்தால் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் போட்டது அடுத்தவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. இரண்டரை வருஷத்தில் நோட்டை எடுத்துப் பாருங்கள். வரவு எழுத மறுக்கிறாரா, மிச்சமிருக்கும் ஆறு மாதத்தில் வழக்குப் போடுங்கள். கோர்ட் ஃபீஸ் பயம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கு ஆறாயிரம்.



இவ்வளவு வழி இருக்கும்போது மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு, இன்னும் ஆறு வருஷமும் சும்மா இருந்துவிட்டு, கடன் வாங்கியவர் செத்த பிறகு அவர் மனைவியைச் சுற்றி ஐந்து பேர் நின்று கையெழுத்து வாங்குவதை நான் எப்படிப் பாராட்டுவேன்? மூன்று வருஷ வரம்பு கடன்காரனுக்கு எழுதிக்கொடுத்த சலுகை இல்லை. இத்தனை வருஷம் கழித்து, இடையில் எவ்வளவு கட்டினார், எதைத் தீர்த்தார் என்று சொல்ல ஆளில்லாமல் போய்விடும் என்பதற்காகத்தான் அந்த வரம்பு. இங்கே அந்த ஆள் உண்மையிலேயே இல்லை. மாதாமாதம் வட்டி கொடுத்தாரா, அசலில் பாதி அடைத்துவிட்டாரா, யாருக்குத் தெரியும்? அந்த அக்காவுக்குத் தெரியாது. "எங்க வீட்டுக்காரர் எதையும் எங்கிட்ட சொல்லமாட்டார்" என்று அவர் சொன்னதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அது தெரிந்தும் ஒன்பது வருஷ வட்டியையும் முழுசாகக் கூட்டினீர்கள்.

"படிக்காத பொம்பளை, கோர்ட்டுக்கு அலையவேண்டாம்னுதான்" என்கிறார் ஒருவர். பெண்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் அவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருஷத்துச் சட்டம். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, 15100 என்று போன் போட்டால் போதும். அவரை அலையவிடாமல் காப்பாற்றியதாகச் சொல்லாதீர்கள். கேட்கவேண்டிய இடத்தை அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

அவரைத் தெரிந்தவர்கள் இதைச் சொல்லுங்கள். புது நோட்டின் நகல் கேட்கச் சொல்லுங்கள். பணம் எதுவும் வாங்கவில்லை, கணவரின் 2016 நோட்டுக்குப் பதிலாக எழுதி வாங்கினார்கள், வெற்றுக் காசோலைகளும் கொடுத்திருக்கிறேன் என்று தேதியோடு வக்கீல் மூலம் இப்போதே பதிவுத் தபால் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் போட்டோவையும் பதிவையும் அழிப்பதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டின் தேதி, கூட்டிய கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது. நாளை சம்மன் வந்தால் போகாமல் இருந்துவிடக் கூடாது. போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாக வரும் தீர்ப்பு, அதை நிறைவேற்றக் கேட்கப் பன்னிரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேருக்கும்: வழக்கு வந்தால் கூண்டில் ஏறி, 6,32,000 ரூபாயை அந்த அம்மா ரொக்கமாக வாங்கியதைப் பார்த்தோம் என்று சத்தியம் செய்து சொல்லவேண்டியவர்கள் நீங்கள்தான். குறுக்கு விசாரணையில் உங்கள் போட்டோவையே காட்டுவார்கள். இன்னும் வழக்கு எதுவும் போடவில்லை. பேசி முடித்து வைத்தவர்கள் நீங்கள்தானே, போய் அந்த நோட்டையும் இரண்டு காசோலைகளையும் திரும்ப வாங்கி அவர் கையில் கொடுங்கள்.