எங்கள் ஊர் போர்டு ஸ்கூல்

போன வாரம் அப்பாவின் பிறந்த தேதிக்குச் சான்று வாங்க, அவரும் நானும் படித்த ஆரம்பப் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியை அம்மா பீரோவைத் திறந்து 1950களின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். துணி பைண்டிங். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. நீல மை பழுப்பாகிவிட்டது, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அப்பா பெயர் இருந்த பக்கத்தில் தகப்பனார் தொழில் என்ற கட்டத்தை மேலிருந்து கீழே படித்தேன். கூலி, கூலி, விவசாயம், நெசவு, கூலி, கூலி. பிறந்த தேதிக் கட்டத்தில் பாதிக்கு மேல் ஜூன் மாதம்தான். பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் தேதி தெரியாது. பிள்ளையைத் தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வாத்தியாரே ஒரு ஜூன் தேதியை எழுதிக்கொள்வார். அப்பா கடைசியில் ரிட்டயர் ஆனதும் அந்த வாத்தியார் போட்ட தேதிக் கணக்கில்தான்.

பெயர்ப்பலகையில் இப்போது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று இருக்கிறது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இது போர்டு ஸ்கூல், பஸ் ஸ்டாண்டு தாண்டி இருப்பது போர்டு ஹைஸ்கூல். வெள்ளைக்காரன் காலத்தில் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளி நடத்தியதால் வந்த பெயர். தாலுகா போர்டுகள் 1930களிலேயே போய்விட்டன. ஜில்லா போர்டுகளும் 1950களின் கடைசியில் கலைந்தன. 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஆரம்பப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. பேர் மட்டும் வாயில் நின்றுவிட்டது.

பதிவேட்டைப் பார்த்து முடித்ததும் ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார்கள். உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் ஒரு பித்தளை அண்டா. களிம்பு ஏறிக் கறுத்திருந்தது. விளிம்பைத் துடைத்தபோது புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது தெரிந்தது: "உபயம் சந்தை வியாபாரிகள்". மதிய உணவுக்குக் கொடுத்த அண்டா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவே. காமராசர் சோறு போட்டார் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மைதான், அந்த மனிதரைக் கும்பிட வேண்டும். 1953இல் வந்த அரை நேரப் படிப்புத் திட்டத்தை மறு வருடமே கைவிட்டவர் அவர். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். ஆனால் அந்தச் சோற்றில் அரசுப் பணம் பத்தில் ஆறு பங்குதான். மீதி நாலு பங்கை ஊர் போட்டது. அரிசியாக, விறகாக, தோட்டத்துக் கத்தரிக்காயாக, சந்தையில் பிரித்த காசாக.

அன்றைக்குப் பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அடுத்து பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்றைத் தொடங்கினார். 1958இல் முதல் மாநாடு கடம்பத்தூரில். பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று முதலிலேயே பட்டியல் எடுப்பார்கள். நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், குடிதண்ணீர்ப் பானை, சுற்றுச்சுவர், கூரை. ஊரில் யார் எதைக் கொடுப்பது என்று பேசி முடித்து, மேடையில் அறிவிப்பார்கள். பிறகு அது மாவட்டம் மாவட்டமாக நடந்தது. இத்தனைக்கும் அன்றைக்குக் கொடுத்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அப்புறம் அரசின் பங்கு கூடியது. 1981 ஜூனில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அது மிகச் சரியான முடிவு. ஒன்றியத் தலைவரின் தயவைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார்கள் அன்றைக்குத்தான் நிமிர்ந்தார்கள். 1982இல் சத்துணவு வந்தது, ஊரில் அரிசி பிரிக்கும் வேலை நின்றது. அதுவும் நல்லதுதான், பிள்ளையின் சோறு யாருடைய இரக்கத்தையும் நம்பி இருக்கக் கூடாது. ஆனால் பாரத்தை இறக்கி வைத்த ஊர், பள்ளியையும் சேர்த்து இறக்கி வைத்துவிட்டது. என் வருத்தமெல்லாம் இதுதான். சுவர் இடிந்தால் "கவர்மெண்டு பார்த்துக்கும்" என்கிறோம். நம் பிள்ளைகளை ஏழரை மணிக்கு மஞ்சள் வேனில் ஏற்றிவிடுகிறோம்.

வேனில் ஏற்றுகிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் வரணும் என்று நினைக்கிறாள், அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர்தான் என்று பயப்படுகிறாள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் பணியிடமும் குறையும். அது குறைந்தால் இருக்கிற பிள்ளைகளும் போய்விடுவார்கள். இந்தச் சுழலை உள்ளூர்க்காரர்கள் வந்து நின்றால் ஒழிய யாரும் நிறுத்த முடியாது. ஆங்கில வழிப் பிரிவுகள் 2012 முதலே அரசுப் பள்ளிகளில் வரத் தொடங்கிவிட்டன. 2022 முதல் காலைச் சிற்றுண்டி வந்துவிட்டது. இதெல்லாம் நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வந்து நிற்பதற்கு வழியும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. எங்கள் பள்ளியில் போன கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்களாம். ஏழு பேரும் அன்றாடக் கூலிக்குப் போகிற அம்மாக்கள், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர்கள்.

கும்பாபிஷேகத்துக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரத்தில் பணம் சேர்ந்தது. நானும் கொடுத்தேன், சந்தோஷமாகக் கொடுத்தேன். அதே குழுவில் எழுபது எண்பது பேர் இந்தப் பள்ளியில் படித்தவர்கள். இப்போதைக்குப் பணம் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஊரில் இருக்கிறவர்கள் வந்து உட்காருங்கள், அந்த ஏழு பேருக்குப் பக்கத்தில். வெளியூரில் இருக்கிறவர்கள், வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய குரூப் போட்டோ, டி.சி., பரிசு வாங்கிய புத்தகம் எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். கரையான் மிச்சம் வைத்த பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடிக்க ஹெட்மிஸ்ட்ரஸிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கப் போகிறோம். கை கொடுக்க வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.