டோரிஸ் ஆண்டர்சன்: விடுபட்ட 1981

1957 முதல் 1977 வரை ‘ஷாட்லேன்’ மகளிர் இதழை நடத்திய கனடிய ஆசிரியர் டோரிஸ் ஆண்டர்சன், சமையல் குறிப்புகளுக்கும் அழகுக் குறிப்புகளுக்கும் பக்கத்திலேயே கருக்கலைப்புச் சட்டம், விவாகரத்து, சம ஊதியம் ஆகியவற்றைப் பேசவைத்த துணிச்சலை, அவரைப் பற்றி வெளியான கட்டுரை நன்றாகவே எடுத்துரைக்கிறது. ‘ஷாட்லேனை’ வெளியிட்ட அதே நிறுவனத்தின் ‘மெக்லீன்ஸ்’ செய்தி இதழின் ஆசிரியர் பொறுப்பு மட்டும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் லாபம் ஈட்டித் தந்தது இவருடைய இதழ்தான்.

ஆனால், 1981 ஜனவரியில் நடந்ததை அக்கட்டுரை ஒரே வரியில் கடந்தது பெருங்குறை. கனடா அரசின் மகளிர் நிலைக்கான ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த அவர், அரசியல் சாசனம் குறித்த பெண்கள் மாநாடு அரசின் நெருக்குதலால் கைவிடப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். அதனால் கொதித்தெழுந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், பிப்ரவரி 14 அன்று ஒட்டாவாவில் தாங்களாகவே மாநாட்டைக் கூட்டினர். ஆண், பெண் இருபாலருக்கும் உரிமைகளைச் சமமாக உறுதிசெய்யும், கனடிய உரிமைச் சாசனத்தின் 28ஆம் பிரிவு உருவானதில் அந்த மாநாட்டுக்குப் பெரும் பங்குண்டு.