மறியாடும் மறியலும்

களுதாவளையில் ஒரு வெற்றிலைத் தோட்டத்து வேலியோரம். மாமா வெற்றிலை எண்ணி அடுக்கிக்கொண்டிருக்கிறார். மருமகன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கசங்கிய அறிவித்தல் ஒன்றைப் பிடித்தபடி வருகிறார். மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடித்தவர் பெண் வீட்டோடுதான் இருப்பார். ஆகையால் இந்த இருவரும் பகலில் சண்டை பிடித்தாலும் இரவில் ஒரே குசினியில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

மருமகன்: மாமா, இது என்ன புதுச் சட்டம்? "பொலிஸ் முறைப்பாடு உள்ளவர் மரணாதாரச் சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிட முடியாது."

மாமா: 28, 29... ஓம் மருமகன். தலைவர் என்றால் சுத்தமாக இருக்க வேணும். ஜனாதிபதிக்கும் இந்தச் சட்டம் வரவேணும் என்று எத்தனை காலமாகச் சொல்லி வருகிறேன். 30, 31...

மருமகன்: செத்த வீட்டுக்குக் கொடுக்க நூறு பிளாஸ்டிக் கதிரை, இரண்டு தறப்பாள், ஒரு கிடாரம். இதைப் பார்த்துக்கொள்ள அவ்வளவு சுத்தமா? அமெரிக்காவிலேயே அப்படிச் சட்டம் இல்லை. 2024 மே மாதம் நியூயோர்க்கில் ட்ரம்ப் எத்தனை குற்றச்சாட்டில் குற்றவாளி என்று ஜூரி சொன்னது, தெரியுமா?

மாமா: 33, 34...

மருமகன்: அதேதான், 34!

மாமா: நான் வெற்றிலையைச் சொன்னேன்.

மருமகன்: அந்த நவம்பரிலேயே தேர்தலில் வென்றார். 2025 ஜனவரியில் நீதிபதி சிறை மறியலும் இல்லை, தண்டப்பணமும் இல்லை என்று விட்டுவிட்டார். குற்றவாளி என்ற பெயர் மட்டும் மிச்சம். அங்கே ஜனாதிபதிக்கு அரசியலமைப்பு கேட்பது மூன்றே மூன்றுதான். பிறப்பால் குடிமகன், நாட்டில் 14 வருட வாசம், வயது 35.

மாமா: 35, 36... இப்போது நான் எண்ணியது வயதா, வெற்றிலையா? (அடுக்கைக் கலைக்கிறார்.) போச்சு. 1, 2...

மருமகன்: அதற்கும் முன்னாலேயே ஒருவர் இருந்தார். 1920இல் அங்கே சோசலிசக் கட்சிக்காரர் யூஜின் டெப்ஸ் அட்லாண்டா மறியலுக்குள் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். யுத்தத்துக்கு எதிராகப் பேசியதற்குப் பத்து வருடத் தண்டனை. கைதி இலக்கம் 9653. அந்த இலக்கத்தையே சட்டையில் குத்திக்கொண்டு ஆதரவாளர்கள் வாக்குக் கேட்டார்கள். 9 லட்சத்துக்கு மேல் விழுந்தது.

மாமா: வென்றாரா?

மருமகன்: இல்லை. வென்ற ஹார்டிங்தான் அடுத்த வருடம் அவரை வெளியே விட்டார்.

மாமா: பாருங்கள், தோற்ற பிறகுதானே விடுதலை. மருமகனும் கொஞ்சம் யோசிக்கலாம். (வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி) அவ்வளவு தூரம் ஏன் போவான்? 2020இல் நம்மட மாவட்டத்தில் ஒருவர் விளக்கமறியலுக்குள் இருந்தே எம்பி ஆகவில்லையா?

மருமகன்: 54 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு.

மாமா: பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

மருமகன்: எண்ணிக்கையைத்தானே சொன்னேன். அடுத்த வருடம் ஜனவரியில் அந்த வழக்கில் விடுதலையும் ஆகிவிட்டார்.

மாமா: எண்ணிக்கையும் வேண்டாம். எனக்கு இங்கே எண்ணல் பிழைக்கிறது.

மருமகன்: நம்மட நாட்டுச் சட்டமும் அதைத்தானே சொல்கிறது? பாரதூரமான குற்றத்துக்கு ஆறு மாதமோ அதற்குக் கூடவோ மறியலில் இருந்தவர், வெளியே வந்து ஏழு வருடம் போகும் வரைக்கும் நிற்க முடியாது. தண்டனை இருந்தால்தான் தடை. வெறும் குற்றச்சாட்டுக்கு இல்லை.

மாமா: அங்கேதான் ஓட்டை. ஆள் வென்று கதிரையில் இருந்துவிட்டால் வழக்குப் படுத்துவிடும். கோட்டாபய மேல், தகப்பனுக்கு நினைவு நூதனசாலை கட்டிய அரசாங்கக் காசு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2019 நவம்பர் 16 தேர்தல். 21ஆம் திகதி, ஜனாதிபதி மேல் வழக்கு நடத்த முடியாது, அவருக்கு விடுபாட்டுரிமை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. ஐந்தே நாள்! ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் என் வெற்றிலைகூட ஐந்து நாளில் வாடாது.

(இதில் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மருமகனும் சற்று நேரம் வாய் திறக்கவில்லை.)

மருமகன்: சரி. ஆனால் நம்மட சங்கத்து நூறு கதிரையில் ஒன்றுக்கும் விடுபாட்டுரிமை இல்லையே. என் மேல் என்ன வழக்கு? மறியாடு வெற்றிலை தின்ற வழக்கு. மறியாட்டுக்கு மறியலா மாமா? முறைப்பாடு கொடுத்தது யார்?

மாமா: நான்தான். ஆனால் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "மதிப்புக்குரிய மருமகன் அவர்களின் ஆடு" என்றுதான் எழுதச் சொன்னேன். பொலிஸ்காரர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

மருமகன்: தேர்தலில் எனக்கு எதிராக நிற்பது யார்?

மாமா: அதுவும் நான்தான். 17, 18...

மருமகன்: முறைப்பாடு ஒன்றே போதும் என்றால், எதிராளியைத் தோற்கடிக்க வாக்கே வேண்டாமே. பொலிஸ் வரைக்கும் போக பஸ் காசு இருந்தால் போதும். பிரேசிலில் ஜனாதிபதியாக இருந்த லூலாவின் கதை தெரியுமா? மேன்முறையீட்டிலும் குற்றவாளி என்று தீர்ந்தவர் எட்டு வருடம் தேர்தலில் நிற்க முடியாது என்ற சட்டத்தில் 2010இல் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். 2018இல் அந்தச் சட்டம் அவரையே தடுத்தது. 580 நாள் உள்ளே இருந்தார். மறுகா 2021இல் தீர்ப்புகள் ரத்தாகி, 2022இல் திரும்பவும் வென்றார்.

மாமா: (வெற்றிலை பிடித்த கை நிற்கிறது.) கையெழுத்துப் போட்டவரையேவா?

மருமகன்: இந்த அறிவித்தலில் யாருடைய கையெழுத்து இருக்கிறது?

மாமா: என் மேல் முறைப்பாடு ஒன்றும் இல்லையே.

மருமகன்: இன்றைக்கு இல்லை. அந்த மறியாட்டை எனக்குச் சீதனமாகத் தந்தது யார்? அது வெற்றிலை தின்னப் பழகியது யார் வளவில்? நாளைக்கே போய் எழுதுவேன்.

மாமா: என்னவென்று?

மருமகன்: பழுதான சாமான் தந்ததாக.

மாமா: அப்போது இரண்டு பேருமே நிற்க முடியாதே! தலைவர் யார்?

மருமகன்: ஆடு நிற்கலாம். தின்றது அது, வழக்கு என் பெயரில். அதன் மேல் ஒரு முறைப்பாடும் கிடையாது.

(மாமா அறிவித்தலை வாங்கி நாலாக மடித்து மடிக்குள் செருகுகிறார். கிழிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.)

மாமா: அது கிடக்கட்டும். செவ்வாய்க்கிழமை வழக்குத் தவணை. எத்தனை மணிக்கு வெளிக்கிடுவோம்?

மருமகன்: வெளிக்கிடுவோமா? யார் யார்?

மாமா: வீட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்றுதானே இருக்கிறது. முறைப்பாட்டாளர் பின்னால் இருக்கிறேன். எதிரி ஓட்டுங்கள்.

மருமகன்: பெட்ரோல் யார் போடுவது?

மாமா: 47, 48, 49...