சங்கிலி எந்த யானைக்கு?

வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு சுவரில் மாணவர்கள் வரைந்திருக்கும் ஓவியத்தைப் படமெடுத்து, குடியாத்தத்தில் இருக்கும் பெரியம்மா மகளுக்கு அனுப்பினேன். பிப்ரவரி 9, கொத்தடிமை முறை ஒழிப்பு நாளுக்காக வரைந்தது. இரண்டு கைகள், நடுவில் அறுந்த சங்கிலி, மேலே வெள்ளைப் பறவை. உடனே பதில் வந்தது: "பறவை நன்றாக இருக்கிறது. சங்கிலி எந்த யானைக்கு?"

அக்கா கேலிக்காகக் கேட்கவில்லை. எட்டு வயதில் 500 ரூபாய் முன்பணத்துக்குப் பீடி சுற்றப் போனவர் அவர். யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. முதலாளி வீட்டுக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். இரவு வீட்டுக்கு வந்து தூங்குவார், விடிந்ததும் தானே நடந்து போவார். மடியில் முறம், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. சுற்றியதில் பழுது என்று தள்ளியது போக மிச்சத்துக்குத்தான் கூலி. அசல் அப்படியே நிற்கும். தீபாவளிக்கு வாங்கிய நூறு, தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய ஐம்பது என்று முதலாளி வீட்டு மாடத்தில் இருந்த சிவப்பு அட்டை நோட்டு மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

இந்தச் சங்கிலிப் படத்துக்கு வேறொரு பூர்வீகம் உண்டு. 1787இல் இங்கிலாந்தில் மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் அடிமை வணிகத்தை எதிர்த்து வெளியிட்ட பதக்கத்தில், கைகால்களில் விலங்கு பூட்டிய கறுப்பின மனிதர் ஒருவர் மண்டியிட்டிருப்பார். மனிதர்களை உண்மையிலேயே விலங்கு பூட்டிக் கப்பலில் ஏற்றிய காலம் அது. இங்கே செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணத்துக்கு மாட்டிக்கொண்டவர் இந்தச் சுவரைப் பார்த்தால், தன் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, 'இது நமக்கில்லை' என்று போய்விடுவார்.

மண்டியிடுவது என்றதும் 2019 ஜூலை நினைவுக்கு வருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்திலும், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலிப் பக்கமும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் புகைப்படம் நாடெங்கும் சுற்றியது. நானும்தான் பகிர்ந்தேன். இன்று கூச்சமாக இருக்கிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் ஒழிந்துபோன கடன். அதற்குப் பணம் வாங்குகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை. அரசு தரும் விடுதலைச் சான்றிதழை நிமிர்ந்து நின்று கேட்டு வாங்க வேண்டிய ஒரு மனிதர் காலில் விழுந்ததை நாம் அழகான படம் என்று கொண்டாடியிருக்கிறோம்.

வெயிலில் நின்று வரைந்த பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லிக் கொடுத்த படத்தை வரைந்தார்கள். அந்தப் பறவைக்கு வலப்பக்கம் நான்கடிச் சுவர் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு நோட்டை வரையலாம். திறந்த பக்கம், 'முன்பணம்' என்ற தலைப்பு, குறுக்கே தடித்த கோடு, கீழே பெரிய எழுத்தில் 'இந்தக் கடன் செல்லாது'. நோட்டு எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் அக்காவைக் கேட்கலாம். அட்டையின் நிறத்திலிருந்து அதைக் கட்டியிருந்த நூல் வரை அவருக்கு நினைவிருக்கிறது.